அம்மா கூப்பிடுகிற பெயர்

ஓய்,

சனிக்கிழமை காலை அந்தச் சின்ன எவர்சில்வர் டப்பியைத் திறந்தேன். உள்ளே உமது மைக்கின் கறுப்புப் பஞ்சு உறை. திறந்ததும் அதிமதுர வாசனை குப்பென்று வந்தது. உம்மை அடக்கம் செய்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. இப்போது தில்லிக்கு ஸ்வெட்டர் காலம். இத்தனை மாதம் ஆகியும் அந்தப் பஞ்சு உமது தொண்டையை மறக்கவில்லை. அரங்கத்து மைக்கில் வாயை வைக்க மாட்டீர். "ஊரான் எச்சி பூரா அதுல இருக்கும் வே" என்று சொல்லி இந்த உறையை மாட்டுவீர். ஆட்டம் முடிந்ததும் கழற்றி, டப்பியில் போட்டு, சட்டைப்பையில் பத்திரப்படுத்துவீர்.

ஒரு செய்தி இருக்கிறது. உமக்கு வேண்டியது அது ஒன்றுதான் என்பதும் தெரியும். ஆனாலும் கொஞ்சம் பொறும். செய்தித்தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிற ஆள் நீர். இந்த ஒரு தடவையாவது முதல் பக்கத்திலிருந்து வாரும்.

நாம் ஆடுகளத்தின் ஓரத்து மேசைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்று நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. இரண்டு பேரும் ஓய்வு பெற்ற குமாஸ்தாக்கள். கல்லூரியில் ஆடிய கூடைப்பந்தை மறக்க முடியாமல், கிட்வாய் நகர் பூங்காவில் ஞாயிறு காலைகளில் மூச்சு வாங்க வாங்கப் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தோம். அங்கே நடை பழக வந்த ஹரியானாக்காரர் ஒருவர் நம்மோடு பேச்சுக் கொடுத்தார். நகரத்துக்குப் புதிதாக வந்த தொழில்முறை அணிக்கு அவர்தான் பயிற்சியாளர் என்று அப்புறம்தான் தெரிந்தது. மைக்குக்கும் கடிகாரத்துக்கும் மேசையில் உட்கார ஆள் வேண்டும் என்றார். தேவாலயத்தில் வேதபாடம் வாசித்துப் பழகிய குரல் உமக்கு, மைக்கை வாங்கிக்கொண்டீர். எனக்கு இருபத்து நாலு நொடிக் கடிகாரம். பந்து கிடைத்த அணி அந்த நொடிகளுக்குள் கூடையைப் பார்த்து எறிந்தாக வேண்டும், இல்லையென்றால் பந்து பறிபோய்விடும். நொடியை ஓட்டுவதும் நிறுத்துவதும் என் விரல். வாயைத் திறக்க வேண்டாம். அதனால்தான் ஒத்துக்கொண்டேன்.

அணியைப் பற்றி உமக்குச் சொல்ல வேண்டுமா? பட்டியலில் கடைசி இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. வருஷா வருஷம் பாதி ஆட்டக்காரர்கள் மாறிப்போவார்கள். நன்றாக ஆடுகிறவனை வேறு ஊர் கொத்திக்கொண்டு போகும். ரயில்வேயில் வேலை பார்ப்பவனை அலுவலகம் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளும். ஒருவனுக்கு முழங்கால். கோட்டயத்து ஜோமோனைத் தில்லிப் புகை விரட்டியது. தீபாவளி கழிந்து வானம் சாம்பல் பூத்த வாரத்தில் அவன் இருமுவதைப் போனில் கேட்டு, அவன் அம்மா அழுதே ஊருக்கு வரவழைத்துவிட்டாள். இவர்கள் பெயரை எல்லாம் யார் ஞாபகம் வைத்துக்கொள்வது என்று அலுத்துக்கொண்டவன் நான். வைத்துக்கொண்டவர் நீர்.

முதல் பயிற்சி நாளில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நீர் ஒவ்வொருவனிடமும் போனது கண்ணிலேயே நிற்கிறது. "மம்மி கர் மே க்யா புலாத்தீ ஹை?" அம்மா வீட்டில் உன்னை எப்படிக் கூப்பிடுவாள்? பாளையங்கோட்டை வாடை அடிக்கும் உமது இந்தியில் இதே கேள்வி எல்லோருக்கும். ஆறரை அடி உயரத்தில் நின்ற குர்விந்தருக்குக் காது சிவந்துவிட்டது. "கிந்தா" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. மறுவாரம் அரங்கில் அவன் உள்ளே ஓடி வந்தபோது நீர் அடிவயிற்றிலிருந்து எடுத்து "கிந்தா" என்றீர். மூன்றாவது வரிசையில் ஒரு அம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். கூட்டம் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு திரும்பக் கத்தியது. அன்றைக்கும் தோற்றோம். ஆனால் அதற்கப்புறம் நீர் எந்தப் பெயரைச் சொன்னாலும் அதைத் திரும்பச் சொல்வது அந்த அரங்கத்தின் பழக்கமாகிவிட்டது.

இரண்டாம் வருஷம் இன்னொன்றையும் தொடங்கினீர். முதல் ஆட்டத்தில், புதியவர்களைக் கூப்பிடுவதற்கு முன்னால், விட்டுப்போனவர்களின் பெயர்களை வாசித்தீர். அணி மேலாளருக்குப் பிடிக்கவில்லை. டிக்கெட் வாங்கினவன் வந்தவனைப் பார்க்க வருகிறான், போனவனைப் பற்றி அவனுக்கு என்ன என்று இந்தியில் எகிறினார். ஒரு நிமிஷம்தான் ஐயா என்று அவரிடம் பணிவாகச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினீர்.

"ஏம் வே, ஒருத்தன் ஒரு வருசம் இங்கன ஓடி வேத்திருக்கான். கதவச் சாத்துன சத்தங்கூட இல்லாம அனுப்பிரலாமா?"

நான் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

அணி ஊரை விட்டுப் போகப் போகிறது என்ற பேச்சு போன குளிர்காலத்தில் கிளம்பியது. முதலாளிக்கு நீர் வைத்த பெயர் மாப்பிள்ளை வீட்டார். எப்போதும் தாமதமாக, கும்பலோடு வந்து, மாலைக்குக் காத்திருப்பார். அவரைத் தப்புச் சொல்லவும் முடியாது. நமது அரங்கம் கல்யாண சீசனில் கல்யாண மண்டபமாகிவிடும். ஆட்டத்தன்று காலையில் பயிற்சியாளரே துடைப்பத்தை எடுத்து ரோஜா இதழ்களைக் கூட்டுவார். ஜிலேபிப் பாகில் கால் வைத்துக் கிந்தா வழுக்கிக்கொண்டு விளம்பரப் பலகை வரைக்கும் போனதை நாம் இரண்டு பேரும் பார்த்தோம். பாதி நாற்காலிகள் காலி. மேற்கே ஒரு நகரம் புதிதாக உள்ளரங்கம் கட்டித் தருகிறேன், வாருங்கள் என்று கூப்பிட்டது. யார்தான் போக மாட்டார்கள்?

அந்தச் சமயத்தில்தான் நீர் படுத்தீர். ஆஸ்பத்திரியில் நான் உள்ளே நுழைந்ததும் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேச விடமாட்டீர். "என்னாச்சி வே? போவுதா, இருக்கா?" இன்னும் தெரியவில்லை என்பேன். உண்மையாகவே யாருக்கும் தெரியவில்லை. ஒருநாள் மூக்கில் குழாயோடு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்.

"இருந்துச்சின்னா, மொத ஆட்டத்துல போனவங்க பேர நீரு வாசியும்."

"நானா? நாலு பேருக்கு முன்னால எனக்கு வாய் வராதுன்னு ஒமக்குத் தெரியும்லா."

"பேர மட்டும் சொல்லும் வே. அதுக்கு மேல ஒரு வார்த்த பேசாண்டாம்."

என் பிரிவுபசார விழாவில் முழு அலுவலகமும் எதிரே உட்கார்ந்திருக்க, எழுந்து "நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தவன் நான். அப்போது கைதட்டிய முதல் ஆள் நீர். தெரிந்தேதான் என் தலையில் கட்டினீர். சரி என்றேன். வேறு என்ன சொல்வேன்.

நீர் போனபிறகும் அந்தப் பேச்சு முடிந்தபாடில்லை. இன்றைக்குப் போகிறது என்பார்கள், நாளைக்கு யோசிக்கிறார்கள் என்பார்கள். எந்த ஊருக்காக ஆடப் போகிறோம் என்று தெரியாமல் எவன் இருப்பான்? ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். கடைசியில் கிந்தாவும் போனான். போகிற அன்று என் முனிர்கா வீட்டுக்கு லட்டு டப்பாவோடு வந்து காலைத் தொட்டான். பெங்களூரிலிருந்து மகள் வாரா வாரம் போன் செய்து, "அப்பா, அங்க தனியா என்னதான் பண்றீங்க? இங்க வந்துருங்க" என்றாள். ஆட்டமுள்ள சனிக்கிழமைகளைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை. அணி போனால் அந்தப் பதிலும் போகும், உமக்குக் கொடுத்த வாக்கும் போகும். அப்படிப் போனால் மைக்கிலிருந்து தப்பித்தோம் என்று மனதின் ஒரு மூலையில் தோன்றியதும் உண்மைதான். அந்த மூலையை நீர் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டீர்.

இப்போது செய்திக்கு வருகிறேன். மழை விட்ட ஒரு நாள், முனிர்காவில் தள்ளுவண்டிக்காரரிடம் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பயிற்சியாளர் போன் செய்தார். "அங்கிள்ஜி, கஹீன் நஹீ ஜா ரஹே." எங்கும் போகவில்லை.

இருக்கிறது, ஓய். அணி இங்கேயேதான் இருக்கிறது.

காரணத்தைக் கேட்டால் நீர் விழுந்து விழுந்து சிரிப்பீர். நாம் போட்ட கூச்சலுக்கு யாரும் மசியவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்குத் தில்லிமேல் திடீர்ப் பாசமும் பிறக்கவில்லை. அந்த ஊர் அரங்கத்துக்கு இன்னும் கூரை போடவில்லையாம். தூண்கள் நிற்கின்றனவாம், மேலே ஆகாயமாம். அதனால் இன்னும் இரண்டு பருவத்துக்கு இங்கேயே என்று முதலாளி கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆட்டமுள்ள சனிக்கிழமைகளில் கல்யாணம் வைக்க மாட்டோம் என்று அரங்கத்துக்காரர்களும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கத்தரிக்காய்ப் பையைக் கீழே வைத்துவிட்டு, வண்டிக்காரர் கவிழ்த்துப் போட்டிருந்த தக்காளிப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். மாதக்கணக்காக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது. உடம்பு சரியில்லையா என்று அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார். அரசாங்கத்தில் ஆயுசைக் கழித்தவன் நான். ஒரு கட்டடம் தாமதமானதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னது அன்றைக்குத்தான்.

நிரந்தரம் இல்லை, தெரியும். எறிந்த பந்து வளையத்தில் பட்டு நம் கைக்கே திரும்பி வந்தால், கடிகாரத்தில் மறுபடியும் முழு இருபத்து நாலு கிடைக்காது. பதினாலுதான் வைப்பேன். அந்தப் பதினாலு கிடைத்திருக்கிறது. அதில் எத்தனையோ ஆடலாம்.

மைக்குக்கு இப்போது புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள், கெட்டிக்காரி. அம்மா கூப்பிடுகிற பெயரைக் கேட்கும் உமது வழக்கத்தைச் சொன்னேன். அன்றைக்கே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். போனவர்கள் பெயரை மட்டும் நான் வாசிக்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து யார் யார் போனார்கள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தபோது சட்டென்று உறைத்தது. போனவர்களில் நீரும்தானே ஒருவர். உமது அம்மா உம்மை எப்படிக் கூப்பிட்டாள்? எனக்குத் தெரியவில்லை. அத்தனை பேரிடமும் கேட்ட உம்மிடம் யாருமே கேட்கவில்லை.

மறுநாள் கோல் மார்க்கெட்டில் உமது வீட்டுக்குப் போனேன். உமது மனைவி, எனக்கு மைனி, இன்னும் நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெறவில்லை. நைட் டியூட்டி முடித்து வந்து காப்பி போட்டுக்கொண்டிருந்தார். கேட்டேன். உமது பெயரைச் சொன்னார், சொல்லும்போதே சிரித்தார். அதை இங்கே எழுதப்போவதில்லை; எழுத்தில் வைக்கிற பெயர் இல்லை அது. பிறகு அலமாரியிலிருந்து இந்த டப்பியை எடுத்து என் கையில் வைத்தார்.

"அண்ணாச்சி, ஒங்களையும் அவுக வீட்டுல வேற பேரச் சொல்லித்தான் பேசுவாக. ஒங்களுக்குத் தெரியாதா?"

"என்ன பேரு?"

"ஐயாக்குட்டி. 'ஐயாக்குட்டி இன்னும் வரலியே', 'ஐயாக்குட்டிக்கும் சேத்துக் கொழம்பு வையி'ன்னுதான் சொல்லுவாக. ஒங்க அம்மா கண் ஆப்பரேசனுக்கு வந்திருந்தாகள்லா, அப்பக் கேட்டு வச்சிக்கிட்டாக."

மைனியின் அடுக்களையிலேயே நின்று அழுதேன். வெட்கமாக இல்லை. அம்மா போனதோடு அந்தப் பெயரைச் சொல்ல இந்த உலகத்தில் ஆளில்லை என்று நினைத்திருந்தேன். நீர் என் முகத்துக்கு நேரே "வே" போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் அத்தனை வருஷமும் அதைச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறீர். அம்மாவை நினைத்தா உம்மை நினைத்தா என்று தெரியாமல் அழுதேன். மைனி காப்பியை ஆற்றிக் கொடுத்தார்.

சனிக்கிழமை மைனியும் வந்திருந்தார், மூன்றாவது வரிசை. நான் பஞ்சு உறையை மாட்டினேன். முதல் பெயரைத் தட்டுத் தடுமாறித்தான் சொன்னேன். "கிந்தா" என்றபோது கூட்டம் திரும்பக் கத்தி என்னைத் தூக்கிவிட்டது. ஜோமோனை அவன் அம்மா கூப்பிடுகிறபடி சொன்னேன். ஒவ்வொருவராகச் சொல்லி முடித்து, கடைசியில் உம்மைச் சொன்னேன். கூட்டத்தில் பாதிப் பேருக்கு உம்மை யாரென்றே தெரியாது. பஞ்சாபியும் பிகாரியும் மலையாளியுமாகச் சேர்ந்து, உமது அம்மா பாளையங்கோட்டையில் வாசலில் நின்று கூப்பிட்ட பெயரை அந்தக் கூரை அதிரச் சொன்னார்கள். முன்வரிசையில் ஒருவர் குனிந்து, இவர் எந்த நம்பரில் ஆடினார் என்று கேட்டார். மேசையில் உமக்காக விட்டு வைத்திருந்த காலி நாற்காலியைக் காட்டினேன். அச்சா, என்று தலையாட்டிக்கொண்டார்.

தோற்றோம். வழக்கம்போலத்தான், ஆனால் இந்த முறை கடைசி நிமிஷம் வரைக்கும் இழுத்தோம். மெட்ரோவில் வீடு திரும்பினேன். பஞ்சு உறை டப்பியில் இருக்கிறது, டப்பி என் சட்டைப்பையில். அடுத்த சனிக்கிழமையும் ஆட்டம் இங்கேதான் என்று மகளிடம் சொல்லிவிட்டேன். நீர் மறைத்து வைத்திருந்த பெயரையும் எடுத்துக்கொண்டுவிட்டேன், சொல்லாமல் எடுத்ததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்.

ஐயாக்குட்டி