நாய்க் காவல்

மார்ச் 4

என் கப்பற்காரருக்கு,

நலம்தானே? மாமாவுக்கு இடது பக்கம் இன்னும் அசையவில்லை. நானும் உங்கள் தம்பியும் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறி மாறிப் பார்த்துக்கொள்கிறோம். என்ன ராசியோ, நடுராத்திரி என் தலையிலேயே விழுகிறது.

ஒரு சந்தேகம். நான் மொழிபெயர்க்கும் ஆங்கிலக் கடற்கதையில் ‘டாக் வாட்ச்’, அதாவது ‘நாய்க் காவல்’, என்று வருகிறது. நானும் கப்பலில் இரண்டு நாய்களைக் கட்டிக் குரைக்க விட்டுவிட்டேன். பதிப்பாளர், “ஏம்மா, நடுக்கடல்ல நாய் யாரைப் பாத்துக் குரைக்கும்?” என்று கேட்கிறார். மானம் போகிறது. சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள்
அரைத் தூக்கக்காரி

ஏப்ரல் 2

அரைத் தூக்கக்காரிக்கு,

சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது. சமையற்காரர் பயந்துபோய் எட்டிப் பார்த்தார். முதலில் அந்த நாய்களை அவிழ்த்து விடு.

கப்பலில் நாலு மணி நேரத்துக்கு ஒரு காவல், நாளுக்கு ஆறு. இரண்டு அணி மாறி மாறி நின்றால் நள்ளிரவு என்றைக்கும் ஒரே அணிக்குத்தான் வரும். அதனால் அந்தக் காலத்தில் சாயங்காலக் காவலை மட்டும் இரண்டு துண்டாக்கினார்கள். ஆறு ஏழாகிவிடும்; இன்று நள்ளிரவில் நின்றவன் நாளை தூங்குவான். அந்தத் துண்டுகள்தான் நாய்க் காவல். பெயர்க் காரணம் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

அப்பாவையும் பார்த்துக்கொண்டு புத்தகமும் மொழிபெயர்க்கிறாயே! உன் பெருமை பேசியே எனக்கு வாய் வலிக்கிறது.

உன்
கப்பற்காரன்

ஏப்ரல் 30

கப்பற்காரருக்கு,

அதைக் கண்டுபிடித்த மகராசன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். சண்டை இல்லை, பஞ்சாயத்து இல்லை. சாயங்காலத்தை வெட்டினார், சங்கடம் தீர்ந்தது. வீட்டிலும் அப்படியே செய்தோம். தம்பி தன் முதல் நடுராத்திரி முறைக்கு விழித்துவிட்டுக் காலையில் வந்து, “அண்ணி, இத்தனை நாள் எப்படித் தாங்கினீங்க?” என்றான். அழுதுவிட்டேன்.

நீங்கள் மெச்சுவது இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் அது மாமாவைப் புரட்டிப் படுக்க வைக்காது. முந்தாநாள் உங்கள் பெயரைச் சொல்ல வாயெடுத்தார், பாதிதான் வந்தது. எங்கள் முறையில் மூன்றாவது ஆளுக்கு இடம் இருக்கிறது. வர முடியாதென்றால் இனி என்னைப் புகழ்ந்து எழுத வேண்டாம்.

உங்கள் மனைவி

மே 27

என் மனைவிக்கு,

அடுத்த துறைமுகத்தில் இறங்குகிறேன். “ஒப்பந்தம் முடியலையே, அடுத்த கப்பல் கிடைக்குமா?” என்றார் கேப்டன். “அப்பாவைப் பாத்துக்கணும் சார்” என்றேன். ‘நல்ல பிள்ளை’ என்று தோளில் தட்டினார். உன்னை நினைத்துக்கொண்டேன், வெட்கமாக இருந்தது.

வந்ததும் அப்பாவை எப்படிப் புரட்டுவதென்று சொல்லிக்கொடு. அப்புறம் நீ தூங்கு.

உன்
கணவன்