தானாகப் புடைக்கும் சீட்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நான் நலம். அம்மாவும் நலம் என்றுதான் ஒவ்வொரு கடிதத்திலும் இரண்டாவது வரியாக எழுதுவேன், இந்தத் தடவை அந்த வரியைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன், பதறாமல் வரிசையாகப் படித்துக்கொண்டு வா. போன மாதம் ஒரு பழைய கார் வாங்கினேன் என்று போனில் சொன்னேன் அல்லவா, அதில் டிரைவர் சீட்டுக்குள்ளே இடுப்புப் பக்கம் ஒரு காற்றுப் பை இருக்கிறது. ஓரத்தில் உள்ள பட்டனை முன்னால் அழுத்தினால் பை புடைத்து முதுகைத் தாங்கும், பின்னால் அழுத்தினால் அடங்கிவிடும். எனக்கு அது பின்னாலிருந்து யாரோ முட்டியால் இடிக்கிற மாதிரி இருப்பதால் முழுக்க இறக்கிவிட்டுத்தான் ஓட்டுவேன். ஆனால் காலையில் பஸ்ஸில் வேலைக்குப் போய்விட்டு சாயங்காலம் வந்து காரில் உட்கார்ந்தால் பை முழுசாகப் புடைத்துக்கொண்டு இருக்கிறது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, தினமும். பேட்டரி வேறு இறங்கிக்கொண்டே வந்தது.

விற்ற ஆள் கோளாறை மறைத்து என் தலையில் கட்டிவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். பட்டன் சிக்கிக்கொள்கிறதோ என்று கழற்றித் துடைத்தேன், ஃபியூஸைப் பார்த்தேன், சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்து வயர்களைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினேன், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அவன் இரண்டு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, காத்து தானா இறங்கும் சார், தானா ஏறாது, யாரோ ஏத்துறாங்க என்று சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பே எனக்குப் பிடிக்கவில்லை, விற்றவனும் இவனும் கூட்டு என்று முடிவு கட்டிக்கொண்டு வந்தேன். வழியில்தான் மாற்றுச் சாவி உன் மாமாவிடம் இருப்பது நினைவுக்கு வந்தது. நான் இல்லாத நேரத்தில் எடுத்து ஓட்டுகிறாரோ என்று ஒரு வாரம் காலையில் கிலோமீட்டரைக் காலண்டருக்குப் பின்னால் குறித்து வைத்துச் சாயங்காலம் ஒப்பிட்டேன், ஒரு எண்கூட நகரவில்லை. அப்படியும் மனசு கேட்காமல் அவரிடம் வாய்விட்டே கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை, சாவியைக் கொண்டுவந்து மேஜையில் போட்டுவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை யாரிடமும் சொல்லாமல் சீட்டுக்கான ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது உன் அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே, கார்ல எதையாவது நோண்டினீங்களா என்று கேட்டாள். அந்தக் கார் என்ன நிறம் என்று கேட்டால்கூட யோசித்துச் சொல்கிறவள் அவள். ஏன் கேக்கிற என்றேன், சும்மாதான் என்றாள், நான் விடுவேனா. துருவித் துருவிக் கேட்டபிறகு சொன்னாள். நாலு மாதமாக முதுகுவலியாம். திரைச்சீலை தைத்து முடித்து மிஷினை விட்டு எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர முடிகிறதாம். கட்டிலில் படுத்தாலும் கேட்காத வலி அந்தக் கார் சீட்டில் பையை முழுக்க ஏற்றி ஒரு மணி நேரம் சாய்ந்தால் விட்டுவிடுகிறதாம். மத்தியானம் மத்தியானம் சாவியை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிறாள். என்னிடம் சொல்வதற்கென்ன என்று சத்தம் போட்டேன். சொன்னேனே, உங்க தங்கச்சி வீட்டுக்கு வர மனசில்லாம நடிக்கிறேன்னு சொன்னீங்க, அப்புறம் எதுக்குச் சொல்லணும் என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் அப்படிச் சொன்னது உண்மைதான், ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டே, அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னேன். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டதைவிட அவள் வலியைச் சந்தேகப்பட்டதுதான் இன்றைக்கும் அறுத்துக்கொண்டிருக்கிறது.

மறுநாள் லீவு போட்டு, ஃபியூஸைத் திரும்ப மாட்டி, டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன். பக்கத்து சீட்டில் பை கிடையாது என்பதால் தலையணையை வைத்து உட்காரவைத்தேன். முதுகெலும்புக்கு நடுவே இருக்கும் தட்டு கொஞ்சம் விலகியிருக்கிறதாம், ஆபரேஷன் வேண்டாம், பயிற்சி போதும், ஆறு வாரம் மிஷினைத் தொடக்கூடாது என்றார். நிச்சயமாகத்தானே சொல்றீங்க என்று நான் மூன்றாம் தடவை கேட்டபோது அம்மா தொடையில் கிள்ளினாள். இப்போது பையை நான் இறக்குவதில்லை, அவள் வைத்த அளவிலேயே ஓட்டுகிறேன். இடிக்கத்தான் செய்கிறது.

இன்னொன்று. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த ஆபீஸில் இருக்க முடியலைப்பா என்று நீ போனில் சொன்னபோது, டிமிக்கி கொடுக்கப் பார்க்கிறாயா என்று கேட்டேன். அதற்குப் பிறகு நீ ஒரு குறையும் சொன்னதில்லை, எல்லாக் கடிதத்திலும் நலம் என்றே எழுதுகிறாய். புத்திசாலிப் பெண், பழகிக்கொண்டாள் என்று சந்தோஷமாக இருந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து நலம் என்ற அந்த வார்த்தையைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் நீ. மாமாவுக்கு ஒரு போன் போட்டு என் சார்பில் சமாதானம் சொல், நான் போனால் கதவைத் திறக்கமாட்டார். அம்மாவைப் பற்றித் தள்ளி வைத்த வரி இதுதான்: இன்னும் நலமில்லை, ஆகிவிடுவாள். உன் வரியையும் இதே மாதிரி உள்ளது உள்ளபடி எழுது. எங்கே வலிக்கிறது என்று எழுது. நம்புகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா