வாசல் நோட்டு

மார்ச் 4
பெண்ணைக் காப்பகத்துக்குக் கொண்டுபோய்ப் பதினொரு நாள். நான் தையல் கூடத்துக்குப் போன நேரத்தில் தனியாக இருந்தாள் என்று யாரோ புகார் கொடுத்தார்களாம். எட்டு வயது. இன்றும் குழந்தைகள் நல அலுவலகத்தில் பத்திலிருந்து நாலு வரை பெஞ்சைத் தேய்த்தேன். "அதிகாரி மேடம் ஃபீல்டுக்குப் போயிருக்காங்கம்மா" என்றார் வாசல் காவலாளி. அவர் நோட்டில் உள்ளே போக நேரம் போட்டுக் கையெழுத்து, வெளியே வரக் கையெழுத்து, தெருக்குழாயில் தண்ணீர் குடித்து வந்ததற்கும் ஒன்று. கறாரான மனுஷர்.

மார்ச் 19
எங்களைப் பற்றி அதிகாரியம்மா எழுதிய அறிக்கையின் நகல் கேட்டேன். ரகசியமாம். "குழந்தையோட நன்மைக்குத்தாம்மா" என்றார் குமாஸ்தா. பெற்றவளுக்குத் தெரியக்கூடாத அளவுக்கு அப்படி என்ன நன்மை?

ஏப்ரல் 2
மூன்றாவது மனுவுக்கு நகல் கிடைத்தது. ஒன்பது பக்கம், பெரும்பாலும் கறுப்பு மை. என் பெயரைக்கூட என்னிடமிருந்து காப்பாற்றியிருக்கிறார்கள். தப்பிய வரிகள் இவை: "மார்ச் 4, பகல் 12 மணிக்கு வீட்டை ஆய்வு செய்தேன். தாய் இருந்தார். பேச மறுத்தார். ஓராண்டுக் காப்பகப் பராமரிப்பைப் பரிந்துரைக்கிறேன்."
நாலாம் தேதியா? அன்னிக்கு நான் அந்தம்மா நாற்காலிக்கு எதிர்ல இல்ல உட்கார்ந்திருந்தேன்! பேச மறுத்தேனாம் — யாராவது ஒரு வார்த்தை பேச மாட்டாங்களான்னு தவம் கிடந்தவ நான்!

ஏப்ரல் 3
வக்கீலிடம் இந்த நாட்குறிப்பைக் காட்டினேன். "நீங்க எழுதினது செல்லாதும்மா. அவங்க எழுதினது ஏதாச்சும் இருக்கா?"
இருக்கிறது. காவலாளியிடம்.

ஏப்ரல் 17
நீதிமன்றம். மூடிய அறை, அக்காவைக்கூட உள்ளே விடவில்லை. வக்கீல் கேட்டு வரவழைத்த வாசல் நோட்டை நீதிபதி தானே புரட்டினார். வந்தது 10.05. தண்ணீர் 11.40. திரும்பியது 11.50. போனது 4.10. "நீங்க வீட்டுல பார்த்தது யாரை?" என்று கேட்டார். "டைப்பிங் மிஸ்டேக் சார்" என்றார் அதிகாரியம்மா. நான் வேலைக்குப் போகும்போது அக்கா பார்த்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்தோம்.

ஏப்ரல் 18
வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள். என் புடவையை விடவே இல்லை. அழுது தீர்த்தேன்.

ஏப்ரல் 29
காவலாளிக்கு நன்றி சொல்லப் போனேன். அவர் மேஜையில் நோட்டைக் காணோம். "நோட்டை நிறுத்திட்டாங்கம்மா. வர்றவங்க ரகசியத்தைக் காக்கணுமாம்." என்னால்தான். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மே 6
அதிகாரியம்மா இன்று நிஜமாகவே ஆய்வுக்கு வந்தார். காவலாளி கதையைப் பெண்ணுக்கு ஏழெட்டுத் தடவை சொல்லியாயிற்று. கோடு போட்ட நோட்டோடு வாசலில் நின்றாள். "பேரு, நேரம், எதுக்கு வந்தீங்க... இங்க கையெழுத்து போடுங்க ஆன்ட்டி."
போட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். பெண் அதையும் நேரத்தோடு எழுதிக்கொண்டாள்.