கோட்டுப் பொக்கற்றில் ஒரு சின்னக் கரண்டி

இந்தத் தாள்கள் யார் கையில் கிடைத்தாலும், கும்பிட்டுக் கேட்கிறேன், ஒருவருக்கும் காட்டவேண்டாம். என் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் காட்டவேண்டாம். போர்த்துக்கலில் இருக்கும் அத்தானுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியக்கூடாது. இது செத்துப்போன என் அக்காவுக்கு எழுதுவது.

அக்கா, உங்கள் கோட்டைத் தலைக்கு மேலால் போர்த்துக்கொண்டு, அதற்குள் சின்ன டோர்ச்சை வைத்து எழுதுகிறேன். கதவுக்குக் கீழால் வெளிச்சம் தெரியக்கூடாது. இங்கே செவன் ஹில்ஸில் இன்று பகல் முழுக்க நெருப்பு வெயில். இப்போதும் காற்று அசையவில்லை. கழுத்தால் வியர்வை ஓடுகிறது. ஆனால் இந்தக் கோட்டுக்குள் உங்கள் வீட்டு மாரிகாலம் அப்படியே இருக்கிறது. ஈரம் ஊறிய சுவரின் மணம். போன கிழமை அத்தான் அனுப்பிய பெட்டியில் இது வந்தது. அம்மா முகத்தில் வைத்து அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, என் தோளில் பிடித்துப் பார்த்தார். "உனக்கு அளவாத்தான் கிடக்கு" என்றார். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

நீங்கள் கலியாணம் முடித்துக் கோயிம்பிராவுக்குப் போகும்வரை அப்படி ஓர் ஊர் இருப்பதே எனக்குத் தெரியாது. பெரிய நகரமும் இல்லை, சின்னதும் இல்லை என்றீர்கள். ஒரு மலை, அதன் உச்சியில் பல்கலைக்கழகம், அங்கே அத்தானுக்கு ஆராய்ச்சி வேலை, எல்லாத் தெருவிலும் வழுக்குகிற கல் படிகள். கறுப்பு மேலங்கி போட்ட மாணவர்கள் இரவில் கூட்டமாக இறங்கி வருவதை வீடியோவில் காட்டினீர்கள். "பேய்க் கூட்டம் போகுது, பார் குட்டி" என்று சிரித்தீர்கள். மொழி தெரியாதே என்று அம்மா கவலைப்பட்டபோது, "பயப்பிடாதேங்கோ அம்மா. குசினி, கதிரை, அலுமாரி, ஜன்னல் எல்லாம் அவையளிட்ட இருந்து வந்த சொல்லுத்தானே. பாதி வீடு எனக்கு விளங்குது" என்றீர்கள்.

மற்றப் பாதியை எனக்கு மட்டும்தான் காட்டினீர்கள்.

ஒரு நாள் நான் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடும்போது அழைத்தீர்கள். உங்களுக்கு அது இரவு. மழைக்குள் வாசல் படியில், இந்தக் கோட்டோடு ஒடுங்கி இருந்தீர்கள். அப்போது பிள்ளை வயிற்றில்.

"ஏன் அக்கா வெளியில இருக்கிறீங்கள்?"

"கதவுத் திறப்பு ஒண்டுதான் குட்டி. அவரிட்ட. அவர் வர இன்னும் கொஞ்ச நேரம் செல்லும்."

"இன்னொண்டு வெட்டுவியுங்கோவன்."

"கேட்டனான். ரெண்டு பேருக்கு ஒண்டே போதுமாம்."

என் முகம் மாறியதைக் கண்டிருப்பீர்கள். உடனே பொக்கற்றுக்குள் கையை விட்டு ஒரு சின்னக் கரண்டியைத் தூக்கிக் காட்டினீர்கள். குளிர் தாங்காமல் கீழே உள்ள கோப்பிக் கடையில் போய் இருந்தீர்களாம். வெளியே வந்தபிறகுதான் கரண்டி பொக்கற்றுக்குள் இருப்பது தெரிந்ததாம். "உன்ர அக்கா கள்ளி ஆயிட்டாள். திருப்பிக் குடுக்க வெட்கமாக் கிடக்கு. நீ வரேக்க உனக்குத்தான்."

பிள்ளை பிறந்தபிறகு உங்களைப் படியிலும் காணவில்லை. அத்தான் காலையில் வெளியால் பூட்டிக்கொண்டு போய்விடுவார். கள்ளர் பயமாம். அவர் ஒருபோதும் சத்தம் போட்டுக் கதைத்ததில்லை. அதனால்தான் எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். கடைசியாக நீங்கள் கதைத்தபோது இருமல் உங்களை ஒரு வசனம் முடிக்க விடவில்லை. டொக்டரிடம் போகச் சொன்னேன். "பின்னேரம் அவர் வந்து கூட்டிக்கொண்டு போவார்" என்றீர்கள். "தனியப் போகேலாதோ?" என்று கேட்டேன். நீங்கள் போனைத் திருப்பிக் கதவைக் காட்டினீர்கள். அதற்கு இரண்டு நாள் கழித்து, நியூமோனியா முற்றிவிட்டதாம், பிந்திவிட்டதாம் என்று அப்பா வந்து சொன்னார்.

கதவைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன், அக்கா. "அவர் பாவம், இப்பிடி ஆகுமெண்டு தெரிஞ்சே பூட்டினவர்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுக்க விடவில்லை.

இப்போது என்னையும் அங்கே கொண்டுபோகிறார்கள். உங்கள் ஆண்டுத் திவசத்துக்கு என்றுதான் முதலில் சொன்னார்கள். பிறகு, நான் அங்கேயே நின்று படிக்கலாமாம், யூனிவர்சிட்டி உள்ள ஊராம், உங்கள் மகனையும் பார்த்துக்கொள்ளலாமாம். அம்மாவும் அப்பாவும் திரும்பி வந்துவிடுவார்கள். பத்தாம் வகுப்பு முடிந்ததும் பள்ளிக்கூடத்தில் என் பெயரை வெட்டிவிட்டார்கள்.

நானும் நம்பியிருந்தேன், பிளவுஸ் தைக்கும் அன்ரியிடம் போகும்வரை. இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு. அன்ரி நல்ல பகிடிக்காரி.

"கையைத் தூக்கு பிள்ளை. ஈர்க்குச்சி மாதிரி இருக்கிறாய். அங்க எந்த நேரமும் மீன்தானாம், போய் நல்லாச் சாப்பிடு." நாடாவை என் கையில் சுற்றிக்கொண்டே அம்மாவைப் பார்த்தார். "கூறைச்சீலைக்கு எண்டபடியா கையைக் கொஞ்சம் நீட்டா விடட்டே?"

"கூறை இல்லை. சும்மா ஒரு பட்டு" என்றார் அம்மா. மிக வேகமாகச் சொன்னார். அன்ரி குண்டூசியை உதட்டில் வைத்தபடி என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு ஒரு பகிடியும் விடவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மா குளிக்கும்போது சூட்கேசைத் திறந்து பார்த்தேன். சிவப்பு. அகலக் கரை. உங்கள் கலியாணத்தில் மணவறையில் நீங்கள் மாற்றிக்கொண்டு வந்து இருந்தீர்களே, அதே மாதிரி. திவசத்துக்குப் போகிறவர்கள் கூறை கொண்டு போவார்களா, அக்கா?

அன்று பின்னேரம் அம்மா குசினியில் அத்தானின் தாயோடு கதைத்துக்கொண்டிருந்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"அவளுக்குப் பதினாறுதானே. கலியாண எழுத்தைப் பதினெட்டுக்குப் பிறகு வைப்பம்" என்றது அந்தக் குரல். "இப்ப திவசம் முடிய, சாமிக்கு முன்னால ஒரு மஞ்சள் கயிறு கட்டினாப் போதும்."

"ஓம்" என்றார் அம்மா. பிறகு அழத் தொடங்கினார். "வேற ஒருத்தி வந்து என்ர பேரனுக்குக் கை ஓங்கினால் நான் தாங்கமாட்டன். இவளெண்டால் அவன்ர சொந்த ரத்தம்."

அம்மா கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

அப்பாவிடம் காருக்குள் வைத்து இங்கிலீஷில் சொன்னேன், போகமாட்டேன் என்று. "தமிழில சொல்லு" என்றார். "எனக்குப் போக விருப்பமில்லை அப்பா. எனக்கு அத்தானைக் கலியாணம் கட்ட ஏலாது." அவர் பரமட்டா வரை காரை ஓட்டினார். கார் நின்றதும் கையை நீட்டி, "போனைத் தா" என்றார். பாஸ்போர்ட்டும் அவரிடம்தான் இருக்கிறது. நாளை இரவு பிளேன்.

உங்கள் மகனை நினைக்கிறேன். அவன் என்ன பிழை செய்தான்? அவனைத் தூக்கி வைத்திருக்க எனக்கு எவ்வளவு ஆசை என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் அவனை வைத்துக்கொண்டு, நான் யாருக்கு வீடியோ கோல் எடுப்பேன்? எனக்குத் தங்கை இல்லை.

ஒன்று சொல்லவேண்டும். போன வருடம் பள்ளிக்கூடத்தில், பிள்ளைகளின் கஷ்டங்களைக் கேட்கிற மிஸ் எங்கள் வகுப்புக்கு வந்தார். விருப்பமில்லாத கலியாணத்துக்கு யாராவது உங்களை வெளிநாடு கொண்டுபோனால், உடுப்புக்குள்ளே ஓர் உலோகக் கரண்டியை ஒளித்து வையுங்கள் என்றார். ஏர்போர்ட் மெஷின் சத்தம் போடும். தனியே கூட்டிக்கொண்டு போய்ச் சோதிப்பார்கள். வீட்டு ஆட்கள் அங்கே வரமுடியாது. அங்கே வைத்துச் சொல்லுங்கள். நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இடைவேளையில் கரண்டியை வைத்துக்கொண்டு நடித்தும் காட்டினோம்.

எங்கள் குசினியில் எந்தக் கரண்டி குறைந்தாலும் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். ஆனால் அக்கா, இன்றைக்கு உங்கள் கோட்டுப் பொக்கற்றுக்குள் கையை விட்டேன். உள் துணி கிழிந்திருந்தது. ஓட்டைக்குள்ளால், கீழ்த் தையலில், விரலில் ஏதோ குளிர்ந்து தட்டியது.

நீங்கள் எனக்கென்று வைத்த கரண்டி. அத்தான் அதைக் காணவில்லை. அம்மாவும் காணவில்லை.

இது என்னோடு இருக்கும். மெஷின் சத்தம் போட்டால் உங்கள் கதவைப் பற்றித்தான் முதலில் சொல்வேன். என் குரல் நடுங்கும். நடுங்கட்டும். சத்தம் போடாவிட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரிய

வளையல் சத்தம். அம்மா கதவைத் தட்டுகிறார்.

"குட்டி, இன்னும் நித்திரை கொள்ளேல்லையே? அக்கான்ர கோட்டை எடுத்துக்கொண்டு வா. அதைப் போட்டுக்கொண்டுதான் நீ வந்து இறங்க வேணுமாம். அத்தான் லைன்ல நிக்கிறார், உன்னைப் பாக்கவேணுமாம்."

திரும்பவும் தட்டுகிறார். கோட்டுக்குள் இருந்து கரண்டியை எடுத்துவிட்டேன். தாளை எங்கே