வயிற்றுக்குச் சான்றிதழ்

மேபிள்தார்ப்,
ஆகஸ்ட் முதல் ஞாயிறு.

அன்பு மகன் நேத்தனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். அங்கே நியூசிலாந்தில் நீயும், நீ ரோமம் கத்தரிக்கும் ஆடுகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மூன்று பேர் யார் என்று விரலை மடக்காதே, நாயைச் சேர்த்து எண்ணாதே, அது போன வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டது. கையில் டீ இருந்தால் கீழே வைத்துவிட்டு உட்கார். உனக்கு இருபத்தைந்து வயது, எனக்கு நாற்பத்தைந்து, நவம்பரில் உனக்கு ஒரு தம்பியோ தங்கையோ பிறக்கப் போகிறது. இதைப் போனில் சொல்லலாம் என்று பல தடவை ஆரம்பித்தேன், ஒவ்வொரு தடவையும் கடல் காற்றைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். போன மாதம் இங்கே காற்று பலமாக அடிக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னேனே, நீகூட அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று அப்பாவிடம் கேட்டாயாமே, இதுதான் ஆயிற்று.

மார்ச்சில் ஆரம்பித்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் வெள்ளிக்கிழமை மீன் பொரிக்கும்போது எனக்குக் குமட்டிக்கொண்டு வரும், திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும், நான் வயது காரணம்தான், மாதவிடாய் நிற்கிற காலம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு பெரிய மின்விசிறி ஒன்று வாங்கி வைத்தேன். டாக்டரிடம் போனால் அவர் சோதித்துப் பார்த்துவிட்டு மின்விசிறி வேண்டாம், தொட்டில் வாங்குங்கள் என்கிறார். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் கேரவன் வண்டிக் கதவுக்குப் பிடி மாட்டிக்கொண்டிருந்தவர், பிடியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து பின்கட்டுக் கொட்டகைக்குப் போனார். சரி, மனிதர் அழுகிறார் போலிருக்கிறது என்று நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நீ சின்னதில் உட்கார்ந்து சாப்பிட்ட உயர நாற்காலியைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார். "பெவ், இதுக்கு மஞ்சள் பெயின்ட் அடிக்கட்டுமா, பச்சையா?" என்றார். அவ்வளவுதான் அவர் பேச்சு. மஞ்சள் அடித்தாயிற்று.

இனிமேல்தான் விஷயம். டாக்டர் இரும்புச்சத்து மாத்திரையும் நெஞ்செரிச்சலுக்கு மருந்தும் எழுதிக்கொடுத்தார், செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குப் பிரசவ நர்ஸ் வருவார், அவரைப் பாருங்கள், பிரசவத்துக்கு வேண்டிய தாள்களையெல்லாம் அவர்தான் போட்டுத்தருவார் என்றார். வெளியே வந்து நேரம் குறித்துக்கொள்ளும் மேஜையில் யார் அந்த நர்ஸ் என்று கேட்டேன். "நம்ம ஜெம்மாதான், உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் அங்கிருந்த பெண். தெரியாமல் என்ன. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கையில் நீ விமானம் ஏறிப் போய்விட்டாயே, அந்த ஜெம்மா. நான் செய்து வைத்திருந்த மூன்றடுக்கு கேக்கை உன் அப்பா ஈஸ்டர் வரைக்கும் டீயில் தொட்டுத் தின்று தீர்த்தாரே, அந்தக் கல்யாணத்து ஜெம்மா. படிப்பு முடிந்து ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள் என்று தெரியும், நம் ஊருக்கே மாற்றி வந்துவிட்டாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வேறு நர்ஸ் உண்டா என்று கேட்டேன். இருக்கிறார், ஸ்கெக்னெஸ்ஸுக்கு அந்தப் பக்கம், இரண்டு பஸ் மாற வேண்டும் என்றாள். ஏன், ஜெம்மாவுக்கு என்ன குறை, தங்கமான பெண்ணாயிற்றே என்று வேறு கேட்டாள். தங்கம் என்பதுதானே தொல்லை.

அவள் முகத்தில் எப்படி விழிப்பேன் சொல். நீ போன பிறகு அந்தப் பெண்ணைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவேன். ஒரு தடவை கடையில் அவள் வருவதைப் பார்த்து ரொட்டி அடுக்குக்குப் பின்னால் குனிந்து நின்றேன், அவள் போகிற வரை ஒரே ரொட்டியை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன், கடைசியில் அதை நானே வாங்க வேண்டியதாயிற்று. அப்படிப்பட்டவள் முன்னால் போய், உன்னை விட்டு ஓடியவனுக்கு ஒரு தம்பி வரப்போகிறான், என் வயிற்றை அளந்து பார் அம்மா என்று சொல்ல முடியுமா. அடுத்த செவ்வாய் போகலாம், அடுத்த செவ்வாய் போகலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். ஸ்கேனுக்கு மட்டும் கிரிம்ஸ்பி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம், அங்கே நம்மை யாருக்கும் தெரியாது.

மருந்தும் நம் ஊரில் வாங்கவில்லை. வாங்கினால் சாயங்காலத்துக்குள் கடற்கரையில் பிள்ளைகளைச் சுமக்கிற கழுதைக்குக்கூடத் தெரிந்துவிடும். பஸ் ஏறி ஸ்கெக்னெஸ் போனேன். மருந்துக்கடைக்காரர் காசு கட்டுகிறீர்களா, இலவசமா என்று கேட்டார். கர்ப்பிணிக்கு இலவசம் என்று ஊருக்கே தெரியும், உன்னைச் சுமந்தபோதும் அப்படித்தான் வாங்கினேன். நான் குரலைத் தாழ்த்தி, மாசமாக இருக்கிறேன் என்றேன். அவருக்குக் காது கேட்கவில்லை. திருப்பிச் சொன்னேன். "யாரு, உங்க பொண்ணா?" என்று கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டார். நான்தான் என்று அவரைவிட உரக்கச் சொன்னேன். பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றி வாழ்த்துச் சொன்னார். அந்தக் கூச்சத்தில் மருந்துச் சீட்டின் பின்பக்கம் கர்ப்பிணி என்று கண்ணில் பட்ட கட்டத்தில் ஒரு கோடு போட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டு வந்துவிட்டேன். அந்தக் கட்டத்தில் கர்ப்பிணி என்று மட்டும் இல்லை, கர்ப்பிணி என்பதற்கான சான்றிதழ் வைத்திருப்பவர் என்று எழுதியிருந்ததாம். அடுத்த மாதமும் அதே கடை, அதே கட்டம், அதே கோடு.

ஜூன் கடைசியில் வந்தது ஒரு கடிதம். சான்றிதழ் இல்லாமல் இலவச மருந்து வாங்கியிருக்கிறீர்கள், மருந்தின் விலையும் அதற்கு மேல் அபராதமும் கட்டுங்கள், தாமதமானால் இன்னும் ஏறும் என்று. இருநூறு பவுண்டுக்கு மேலே. நான் என் வாழ்நாளில் ஒரு பஸ் டிக்கெட் ஏமாற்றினதில்லை, உனக்கே தெரியும். அதைப் படித்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். உன் அப்பா அழவில்லை, அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "வயித்தைப் பாத்தா தெரியாதா அவனுங்களுக்கு, நான் காட்டுறேன் ஆதாரம்," என்று சொல்லிவிட்டு, ஸ்கேனில் எடுத்த படத்தை ஒரு உறையில் போட்டு, இதுதான் சான்றிதழ், மூக்கு என் மாதிரி, பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பி அனுப்பவும் என்று எழுதி அனுப்பினார். எனக்குத் தெரிந்திருந்தால் விட்டிருப்பேனா. படம் திரும்பி வந்தது. படத்தின் ஓரத்தில் பெயரும் தேதியும் இருந்த துண்டை உன் அப்பா சட்டத்துக்குள் மாட்டுவதற்காக முன்னமே வெட்டியிருந்தார், ஆகையால் இது யாருடைய வயிறு என்று எங்களால் உறுதி செய்ய முடியவில்லை, வருந்துகிறோம் என்று பதில். மூக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று அவருக்கு இன்னும் ஆற்றாமை.

அந்த அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "நீங்க கர்ப்பமா இல்லைன்னு நாங்க சொல்லலை மேடம். கர்ப்பமா இருக்கிறது வேற, சான்றிதழ் இருக்கிறது வேற," என்றாள். என் வயிற்றில் குழந்தை உதைக்கிறது, நான் போனை அங்கே வைக்கட்டுமா என்றேன். வேண்டாம், உங்கள் பிரசவ நர்ஸிடம் கேளுங்கள், அவர்தான் விண்ணப்பம் போட வேண்டும் என்றாள். எல்லாப் பாதையும் ஜெம்மாவிடம்தான் போய் முடிகிறது, நான் என்ன செய்ய.

செவ்வாய்க்கிழமை போனேன். உன் அப்பா வருகிறேன் என்றார், டை வேறு கட்டிக்கொண்டார், நான்தான் வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனேன். ஜெம்மா கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள், மறுபடி முகத்தைப் பார்த்தாள். கொஞ்சம் இளைத்திருக்கிறாள், முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள், நன்றாக இருக்கிறது. "உள்ள வாங்க பெவ். ரொம்ப நாளா உங்க பேர் என் பட்டியல்ல வருது, நீங்கதான் வரலை," என்றாள். நான் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, அபராதக் கடிதத்தை நீட்டினேன். அவள் அதை வாங்கி அப்படியே மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "இது ஓடிப் போயிடாது. முதல்ல கையை நீட்டுங்க," என்று ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றினாள். பார்த்தாள். இன்னொரு கையில் பார்த்தாள். என்னைக் கொஞ்ச நேரம் படுக்க வைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அவள் முகம் மாறிப்போயிற்று கண்ணா. தலைவலி இருக்கிறதா, கண்ணில் மினுக்கு மினுக்கென்று ஏதாவது தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். நான் அபராதத்தை நினைத்து ஏறியிருக்கும் என்றேன். "அபராதம் வந்ததால நீங்க இங்க வந்தீங்க. வராம இருந்திருந்தா இது இன்னும் எவ்வளவு ஏறியிருக்கும்னு சொல்லட்டுமா?" என்றாள். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. அதுவரை வெட்கம் மட்டும்தான் இருந்தது.

நான்தான் அன்றைக்குக் கடைசி ஆள், உடனே தன் காரிலேயே என்னைக் கிரிம்ஸ்பிக்குக் கூட்டிப் போனாள். வழியில் லவுத் ஊரைத் தாண்டும்போது எனக்குப் பொறுக்கவில்லை, நேத்தன் செய்தது தப்பு அம்மா, அவனைப் பெற்றவள் என்கிற முறையில் நான் என்ன சொல்வது என்றேன். அவள் சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள், "அவன் போனது எனக்குக் கொஞ்ச நாள்ல ஆறிப்போச்சு பெவ். ஞாயித்துக்கிழமை தோறும் உங்க வீட்டுல சாப்பிட்டேன், நாலு வருஷம். எங்கம்மா போனப்ப என் பக்கத்துல உக்காந்திருந்தது நீங்கதான். அவன் போயிட்டான்னு நீங்களும் போயிட்டீங்க. ரொட்டிக்குப் பின்னாடி ஒளிஞ்சா எனக்குத் தெரியாதா? உங்க தலை நல்லாவே தெரிஞ்சுது." நான் அழுதேன். "அழாதீங்க, பிரஷர் ஏறும்," என்றாள், அவளும் அழுதுகொண்டேதான் ஓட்டினாள். நல்ல வேளை முன்னால் ஒரு டிராக்டர் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், அழுத்தம் அடங்கிவிட்டது, குழந்தை நன்றாக இருக்கிறது, நீ பயப்படாதே. சமையலறை வேலைக்கு விடுப்புச் சொல்லியாயிற்று. சான்றிதழும் வந்துவிட்டது, ஆனால் அதை ஒரு மாதத்துக்கு முன்தேதியிட்டுத்தான் தருவார்களாம், நான் மருந்து வாங்கினது அதற்கும் முன்னால். ஜெம்மா விடவில்லை, இந்த அம்மாள் அன்றைக்கும் கர்ப்பிணிதான், நாற்பத்தைந்து வயதில் யாரும் இலவச மாத்திரைக்காக இந்த வேலை செய்ய மாட்டார்கள் என்று அந்த அலுவலகத்துக்குக் கையெழுத்துப் போட்டு எழுதினாள். போன வாரம் பதில் வந்தது, அபராதத்தைத் தள்ளுபடி செய்கிறோம், மருந்தின் விலையை மட்டும் கட்டுங்கள் என்று. கட்டிவிட்டேன். உன் அப்பாவுக்குத்தான் ஏமாற்றம். கோர்ட்டில் பேசுவதற்காகக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை எல்லாம் பார்த்து வைத்திருந்தார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெம்மா சாப்பிட வருகிறாள். வரும்போதெல்லாம் முதலில் என் கையில் பட்டையைச் சுற்றிவிட்டுத்தான் தட்டில் கை வைக்கிறாள், உப்பு ஜாடியைத் தூக்கி எனக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுகிறாள். மனதில் கோட்டை எதுவும் கட்டிவிடாதே, லவுத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரோடு பழகிக்கொண்டிருக்கிறாள், ஒரு தடவை அவனையும் அழைத்து வந்தாள், உருளைக்கிழங்கைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற நல்ல பையன். போன வாரம் மேஜையிலேயே அவளிடம், குழந்தைக்கு நீதான் ஞானத்தாயாக இருக்க வேண்டும் என்று கேட்டேன். சரி என்றாள். ஞானத்தந்தை யார் என்று கேட்டாள். உன் அப்பா குழம்பைப் பார்த்துக்கொண்டே, "அண்ணன்காரன் ஒருத்தன் இருக்கானே," என்றார். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அவள் கறித்துண்டை நறுக்கி, மென்று, விழுங்கிவிட்டுச் சொன்னாள், "வரட்டும். ஆனா குழந்தையை அவன் கையில குடுக்கும்போது நான் பக்கத்துலயே நிப்பேன். பாதியில விட்டுட்டுப் போற பழக்கம் இருக்கு அவனுக்கு." உன் அப்பா சிரித்த சிரிப்பில் குழம்பு புரையேறி முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. நானும் சிரித்தேன், நேத்தன். பெற்ற பிள்ளையைச் சொல்கிறாளே என்று தோன்றவில்லை. நீ இங்கே இருந்திருந்தால் நீயும் சிரித்திருப்பாய் என்றுதான் தோன்றிற்று.

ஞானஸ்நானம் ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு. டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு, நாள் நெருங்கினால் விலை ஏறும். நல்ல சட்டை ஒன்று கொண்டு வா, ஆட்டு நாற்றம் இல்லாததாக. அதற்கு முன்னால் அவளுக்கு நீயே ஒரு வரி எழுது, என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்லித்தர மாட்டேன். அதற்குள் குழந்தைக்குக் கழுத்து நின்றிருக்கும், ஆனாலும் உனக்குப் பழக்கம் இல்லை, தூக்கும்போது இடது கையால் தலையைத் தாங்கிக்கொள்ள வேண்டும். அங்கே ஆட்டுக்குட்டி நிறைய இருக்குமே, அதைத் தூக்கிப் பழகிக்கொள்.

கடவுள் உன்னை நோய் நொடி இல்லாமல் வைக்கட்டும், வெயிலில் தொப்பி போட்டுக்கொள்.

உன்னை என்றும் நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா,
பெவர்லி

அப்பா தானும் எழுத வேண்டும் என்று கையிலிருந்து பேனாவைப் பிடுங்குகிறார்:

மகனே, மூக்கு என் மாதிரிதான். வந்து பார். கீத்.