ஓய்வில் இருந்த தாள்

செப்டம்பர் 14
ரேக்கு எடுக்கும் அறையில் இன்று ஒரு பொய்த் தும்மல் போட்டேன். சுமியே சித்தியின் மூங்கில் இடுக்கியிலிருந்து தங்க ரேக்கு பறந்துவிட்டது. பெயர்தான் தங்கம், ஓரிடத்தில் தங்கமாட்டேன் என்கிறது. இனி அந்த அறைப் பக்கம் வராதே என்று அம்மா சொல்லிவிட்டாள். போகட்டும். மின்விசிறிகூடப் போடாத அறை.

செப்டம்பர் 17
அலமாரியில் பழைய தாள்கட்டு ஒன்று கிடந்தது. தங்கத்தை இடையில் வைத்துத் தட்டித் தட்டித் தேய்ந்த தாள் முகத்து எண்ணெயை நன்றாக உறிஞ்சும். எங்கள் கனஸாவா ஊருக்கே தெரிந்த விஷயம். வெட்டி வகுப்பில் பங்கு வைத்தேன். முப்பத்தொரு மூஞ்சி. கணக்கு வாத்தியாரின் நெற்றிகூட மங்கிப்போனது.

செப்டம்பர் 18
அது தேய்ந்த தாள் இல்லை. ஓய்வில் இருந்த தாள்.
அம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "மூணு தடவை சாம்பத்தண்ணி குடிச்ச தாளுடி. குளிர் வந்ததும் தட்டலாம்னு வச்சிருந்தேன்." அவ்வளவுதான். பிறகு சித்தியிடம், இனிக் கையால் தாளைப் பக்குவம் செய்யப்போவதில்லை, ஆலைத்தாளே போதும் என்றாள்.
தெருவில் வேறு யாருக்கும் அந்தப் பக்குவம் தெரியாது. இனிமே பொறக்கப்போறதுங்க கேட்டா என்ன சொல்றது? மூஞ்சி தொடச்சே முடிச்சிட்டோம்னா?

செப்டம்பர் 19
நானே செய்கிறேன் என்றேன் அம்மாவிடம்.
"ஆறு மாசம் ஆகும். நீ ஆறு நாள் தாங்குவியா?"
தாங்குவேன்.

அக்டோபர் 11
வைக்கோல் சாம்பலை வடித்த தண்ணீர், துவர்க்கும் காகிப்பழத்தின் புளித்த சாறு, முட்டை. தாளை நனை, பிழி, காயவை, தட்டு. வகுப்பில் பக்கத்தில் உட்காரும் ஹோனோகா பெஞ்சை ஜன்னலோரம் இழுத்துக்கொண்டாள். "செத்த வாத்து மாதிரி நாறுறேடி."

டிசம்பர் 8
நனை. பிழி. காயவை. தட்டு. மறுபடியும்.

ஜனவரி 23
முதல் சோதனை: தாளுக்கிடையில் தங்கம் வைத்துத் தட்டினோம். ரேக்கு முழுக்க ஓட்டை, பாதி தாளோடு ஒட்டிக்கொண்டது. சாம்பல் தண்ணீர் நீர்த்துப்போயிருக்கிறது என்றாள் அம்மா. குளியலறையில் அழுதேன் — அங்கேதான் எப்படியும் ஈரம். விடறதா இல்ல. புது வைக்கோல் கேட்டாயிற்று.

மார்ச் 29
ஓட்டையில்லை. வெளிச்சத்தில் பிடித்தால் தங்கத்தின் வழியாகப் பச்சை தெரிகிறது. அம்மா இன்னொரு ரேக்கு எடுத்துப் பார்த்தாள். பிறகு இன்னொன்று. வேலைக்கு எடுக்குமுன் தாள்கட்டை ஓய்வுக்கு வைத்தோம்.

ஏப்ரல் 16
அவசர வேலை என்று சித்தி அந்தத் தாள்கட்டைக் கேட்டாள். அம்மா தலை நிமிரவில்லை.
"நாகிசாவைக் கேளு. அவ தாள்."
"இன்னும் ஓய்வு முடியல சித்தி. தொடாதீங்க."
சித்தி கையை எடுத்துக்கொண்டாள்.