சீட்டின் குறுக்கு வாட்டம்

ஜூன் 9, 2025, திங்கள்

இரண்டாவது சாம்பிளும் திரும்பி வந்துவிட்டது. மதியம் ஓசூரிலிருந்து அட்டைப்பெட்டி வந்தபோதே தெரிந்துவிட்டது. நல்ல செய்தி என்றால் போன் செய்திருப்பார்கள், பெட்டி அனுப்ப மாட்டார்கள். பிரித்துப் பார்த்தால் சீட்டின் நடுவில் மூன்று சுருக்கம், இரண்டு ஓரத்திலும் தோல் தொளதொளவென்று கிடக்கிறது. மூவாயிரம் கிலோமீட்டர் ஓடிய சீட்டாம். முப்பது வருடம் ஓடியது போல இருக்கிறது.

ஓசூர் பைக் கம்பெனி தன்னுடைய அறுநூற்றைம்பது சிசி ஸ்போர்ட்ஸ் வண்டியை அடியோடு மாற்றி வடிவமைக்கிறது. முன்விளக்கு, டேங்க், வால் எல்லாமே புதுசு. ஓட்டுகிறவர் சீட்டுக்கு நிஜத் தோல் வேண்டுமென்று ஆம்பூருக்கு எங்களைத் தேடி வந்தார்கள். ஷூ மட்டும் தைத்துக்கொண்டிருந்த கம்பெனியில் சீட் பிரிவு ஆரம்பிக்கச் சொல்லி முதலாளி நயீம் பாயை ஒரு வருடம் நச்சரித்தவள் நான். பதினெட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். தோலை எந்த வடிவத்தில் வெட்டுவது என்று அட்டையில் போடும் பேட்டர்ன் முழுக்க என் பொறுப்பு.

மூன்றாவது சாம்பிள்தான் கடைசி. அதுவும் சொதப்பினால் வேலை புனேவுக்குப் போய்விடும், சீட் பிரிவை மூடிவிட்டு எல்லோரும் ஷூ லைனுக்குத் திரும்ப வேண்டும். நயீம் பாய் கத்தவில்லை. "பாத்துக்கம்மா" என்றார். கத்தியிருந்தால் தேவலை.

ஜூன் 10, செவ்வாய்

சாம்பாரில் உப்பு இல்லை என்றார் என் வீட்டுக்காரர். எரிந்து விழுந்தேன். பிறகு சாப்பிட்டுப் பார்த்தேன், உண்மையிலேயே இல்லை.

ஜூன் 12, வியாழன்

மீட்டிங். பசை சரியில்லை என்றார் ஒருவர். ஃபோம் அமுங்குகிறது என்றார் இன்னொருவர். கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து தோல் மேல் பழியைப் போட்டார்கள். தோல் பதனிடும் இடத்தில் ஃபினிஷிங் பார்ப்பவர் ஆரோக்கியசாமி அண்ணன். அவர் அனுப்பிய தோலே லூஸ் என்று முடிவாயிற்று. நானும் தலையாட்டினேன்.

தபரேஸ் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் தோலை வெட்டுகிறவன் அவன். "தோல் மேல குத்தம் இல்லக்கா. ஒவ்வொண்ணையும் கையில இழுத்துப் பாத்துதான வெட்டுறேன். சும்மா அந்த மனுசன பேஜார் பண்ணாதீங்க" என்றான். யாரும் காதில் வாங்கவில்லை. ஆரோக்கியசாமி அண்ணனைக் குற்றம் சொல்லிக் கடிதம் போயிற்று.

ஜூன் 15, ஞாயிறு

மனசு கேட்காமல் வீட்டு ஸ்கூட்டரின் சீட்டைக் கழற்றி உறையைப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை. திரும்ப மாட்டவும் வரவில்லை.

இவர் வந்து பார்த்தார். இவருக்குக் காட்பாடியில் பல்கலைக்கழக லேபில் வேலை. தினமும் இந்த ஸ்கூட்டரில் ஆம்பூர் ஸ்டேஷன் போய் ரயில் பிடிக்கிறவர். பதினோரு வருடத்தில் ஒருநாள்கூட ரயிலை விட்டதில்லை. அதை அவ்வப்போது எனக்கு நினைவுபடுத்தவும் தவறுவதில்லை.

"இன்னா பாக்யா, நாளைக்கு நின்னுகிட்டே ஓட்டிட்டுப் போவணுமா?" என்றார். சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வாரத்தில் முதல் சிரிப்பு.

ஜூன் 18, புதன்

ஓசூர் இன்ஜினியர் நவநீதனுக்குப் போன் செய்தேன். வண்டியை எப்படி ஓட்டிச் சோதிக்கிறீர்கள், நான் பார்க்க வேண்டும் என்றேன். "சீட் செய்றவங்க யாரும் இதுவரைக்கும் கேட்டதில்ல மேடம்" என்றார்.

எனக்கும் இத்தனை நாள் கேட்கத் தோன்றவில்லையே. ஷூ வேலையில் அதற்கு அவசியம் வந்ததில்லை. நடப்பதை யாராவது போய்ப் பார்த்துக்கொண்டிருப்பார்களா?

ஜூன் 21, சனி

ஏலகிரி போய் வந்தேன்.

மலைப்பாதையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவு. ஏழாவது வளைவில் நவநீதன் என்னை நிற்க வைத்தார். கறுப்புத் துணி ஒட்டி மறைத்த புது வண்டி கீழேயிருந்து வந்தது. ஓட்டி வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றியதும் பார்த்தால், பெண். ஜீவா. நாட்றம்பள்ளிப் பெண்ணாம், வயது இருபத்தெட்டு. கம்பெனியின் டெஸ்ட் ரைடர். தினமும் இந்த மலையில் இருபது தடவை ஏறி இறங்குகிறாள். "நம்ம ஊரு மலைதான, பயம் இல்ல" என்றாள்.

மறுபடி ஓட்டச் சொன்னேன். இந்தத் தடவை முகத்தைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்க்கவில்லை. அவள் உட்கார்ந்திருக்கும் இடத்தை மட்டும் பார்த்தேன். வளைவுக்கு முன்னால் இடுப்பைத் தூக்கி இடது ஓரத்துக்கு நகர்கிறாள். வளைவு முடிந்ததும் நடுவுக்கு வருகிறாள். அடுத்த வளைவில் வலது ஓரம். உட்கார்ந்த இடத்தில் உட்காரவே இல்லை. மலை முழுக்க அந்தத் தோலை இடமும் வலமுமாகத் தேய்த்து இழுத்துக்கொண்டே போகிறாள்.

ஒரு நாற்பது தடவை பார்த்திருப்பேன். நவநீதன் டீ வாங்கி வந்து கொடுத்தார். எப்போது குடித்தேன் என்று நினைவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

நான்தான்.

வேற யாரு? அம்பு போட்டது நான்தான. எல்லாரும் அவங்க அவங்க வேலைய ஒழுங்காத்தான் பாத்திருக்காங்க.

நிதானமாக எழுதிப் பார்க்கிறேன். தோல், மாட்டின் முதுகு நீளத்தில் பிடித்து இழுத்தால் கொடுக்காது, அதாவது நீளாது. குறுக்கே இழுத்தால் கொடுக்கும். அதனால்தான் பேட்டர்ன் அட்டையில் அம்புக்குறி போடுகிறோம், எந்த வாட்டத்தில் வைத்து வெட்ட வேண்டுமென்று. ஷூவில் அம்பு விரலிலிருந்து குதிகாலுக்கு ஓடும். நடக்க நடக்க ஷூ நீண்டுவிடக் கூடாது, அகலத்தில் மட்டும் காலுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும். ஆம்பூரில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். பதினாறு வருடமாக என் கை அப்படித்தான் போடுகிறது.

சீட்டுக்கும் அப்படியே போட்டேன். முன்னாலிருந்து பின்னால். ஜீவா இழுப்பதோ குறுக்கே. அதுவும் ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை. சுருங்காமல் என்ன செய்யும்?

ஜூன் 23, திங்கள்

யாருக்கும் தெரியாது. அட்டையை மாற்றி, அம்பைத் திருப்பிப் போட்டு, புதுத் தோலில் வெட்டி அனுப்பிவிடலாம். சரியாக வந்துவிட்டால் பழைய தோல்தான் கெட்ட தோல் என்று எல்லோரும் நம்புவார்கள். நான் ஒரு வார்த்தை பொய் சொல்ல வேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும்.

ஆரோக்கியசாமி அண்ணனுக்கு இதனால் வேலையே போகலாம் என்று தபரேஸ் சொன்னான். நான் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டதோ?

ஜூன் 24, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

காலை மீட்டிங்கில், எல்லோர் முன்னாலும், பழைய அட்டையை மேசையில் போட்டேன். "தோல் மேல தப்பு இல்ல. அம்பு தப்பு. போட்டது நான்" என்றேன். ஏலகிரியில் பார்த்ததைச் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்து ஜீவா மாதிரி இடமும் வலமும் நகர்ந்தும் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை.

நயீம் பாய் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பதினாறு வருஷத்துல உன் வாயிலேர்ந்து இத மொத தடவையா கேக்குறேன்" என்றார். எல்லோரும் இருக்கும்போதே ஆரோக்கியசாமி அண்ணனுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். பிறகு போனை என்னிடம் நீட்டினார். நானும் கேட்டேன். "விடும்மா, சீட்டு நல்லா வரட்டும். தோல் நானே பொறுக்கி அனுப்புறேன்" என்றார் அண்ணன்.

வெளியே வந்ததும் தபரேஸ் என் பங்கு டீயைக் கொண்டுவந்து வைத்தான். இன்று வீட்டில் சாம்பார் நன்றாக இருந்தது.

ஜூன் 27, வெள்ளி

அம்பைத் திருப்பினால் புது வம்பு. இப்போது சீட்டின் நீளம் தோலின் குறுக்கே வர வேண்டும், அதற்குத் தோலின் அகலம் போதவில்லை. ஒரு தோலில் நான்கு உறை வந்த இடத்தில் இரண்டுதான் வருகிறது. மீதி எல்லாம் துண்டு துண்டாக வீண். நயீம் பாய் தலையில் கை வைத்தார். "இவ்ளோ ஜாஸ்தி வேஸ்ட் ஆனா எவன் ஒத்துப்பான்?"

நியாயம்தான். ஆனால் பழைய வாட்டத்துக்கு நான் திரும்ப மாட்டேன்.

ஜூன் 30, திங்கள்

கிடைத்துவிட்டது. சிரிக்க வேண்டும் போல இருக்கிறது.

பழைய ஷூ பேட்டர்ன்களை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். எந்த ஷூவாவது ஒரே துண்டில் வெட்டுகிறோமா? முன்னால் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் தனி அம்பு. அப்புறம் சீட்டை மட்டும் ஏன் ஒரே துண்டாக வெட்ட வேண்டும்? வந்தவர்கள் ஒரே துண்டாக வரைந்து கொடுத்தார்கள், நாங்களும் அப்படியே வெட்டினோம். அவ்வளவுதான்.

மூன்று துண்டு. இடம் வலமாக உடம்பு நகரும் நடுப்பட்டை மட்டும் குறுக்கு வாட்டம், அம்பு இடமிருந்து வலம். இரண்டு பக்கப் பட்டையும் நீள வாட்டம், மீதித் தோலிலேயே வந்துவிடும். தபரேஸ் அட்டைகளைத் தோல்மேல் அடுக்கிப் பார்த்தான். ஒரு தோலில் மூன்றரை உறை வருகிறது. இன்னும் கொஞ்சம் நெருக்கி அடுக்கினான். நான்கு.

"யக்கா" என்றான். மறுபடி முதலிலிருந்து எண்ணிப் பார்த்தான்.

ஜூலை 5, சனி

தையல் எங்கே ஓட வேண்டும் என்பதுதான் பாக்கி. தப்பான இடத்தில் போனால் தொடையை அறுத்துவிடும். ஜீவாவை ஆம்பூருக்கு வரச் சொன்னோம். வெள்ளைச் சாக்பீஸை அரைத்துச் சீட்டு முழுக்கப் பூசினேன். அவள் கறுப்பு பேன்ட்டோடு ஏறி உட்கார்ந்து, ஏழாவது வளைவில் நகர்வது போலவே இடமும் வலமும் ஐம்பது தடவை நகர்ந்தாள். இறங்கியபோது பேன்ட் வெள்ளை. சீட்டில் தேய்ந்த இடம் கறுப்பாகத் தெரிந்தது. அந்தக் கறுப்புக்கு வெளியே, பவுடர் கலையாமல் நின்ற ஓரத்தில் கோடு போட்டேன்.

தைக்கிற பெண்கள் எல்லோரும் ஜீவாவைச் சுற்றி நின்றுகொண்டார்கள். அம்பிகா, "இவ்ளோ பெரிய வண்டிய எப்டி பிடிச்சி நிறுத்துற?" என்று கேட்டாள். "வண்டிக்கு நான் பொம்பளைன்னு தெரியாதுக்கா" என்றாள் ஜீவா. பதினெட்டுப் பேரும் சிரித்த சிரிப்பில் நயீம் பாயே அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

ஜூலை 11, வெள்ளி

மூன்றாவது சாம்பிள் போயிற்று. தையலுக்கு உள்பக்கம் ஷூவுக்கு ஒட்டும் டேப் ஒட்டி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். ஒரு சொட்டு இறங்கவில்லை.

ஜூலை 14

போன் இல்லை.

ஜூலை 20

இல்லை. அங்கே மழையாம். ஏலகிரியில் மழை என்றால் ஓட்டுவார்களா, மாட்டார்களா?

ஜூலை 28

ஜீவா ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். "4200 ஓடிட்டேன்கா. சொல்லக்கூடாது, சொல்ல மாட்டேன்." கீழே சிரிக்கிற முகம் ஒன்று. அது என்ன சிரிப்பு? இவரிடம் காட்டினேன். நல்ல சிரிப்பு மாதிரிதான் இருக்கிறது என்றார்.

ஆகஸ்ட் 6, புதன்

பெட்டி வரவில்லை. போன் வந்தது.

ஆறாயிரம் கிலோமீட்டர். ஒரு சுருக்கம் இல்லை. நவநீதன் படம் அனுப்பினார், பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். தோல் கொஞ்சம் பளபளப்பு ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். ஸ்பீக்கரில் போட்டு எல்லோரையும் கேட்க வைத்தேன். தபரேஸ் வெட்டுப் பலகையைக் கையால் தட்டினான். பெண்கள் எழுந்து கைதட்டினார்கள். நான் பாத்ரூமுக்குப் போய் ஐந்து நிமிடம் நன்றாக அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தேன். எல்லோருக்கும் தெரிந்திருக்கும். தெரியட்டும்.

நயீம் பாய் மதியத்துக்குப் பிரியாணி சொன்னார். ஆரோக்கியசாமி அண்ணனையும் கூப்பிட்டிருந்தார். அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்து, "லூஸ் தோலு எப்டிம்மா இருக்கு?" என்றார். இரண்டு துண்டு கறியை எடுத்து அவர் இலையில் வைத்தேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இதை எழுதாமல் விட முடியாது. வண்டியின் உருவத்தை வரைகிறவர்கள் எங்கள் சீட்டைப் பார்த்துவிட்டு, அந்த இரண்டு தையல் கோடும் பிடித்துப்போய், வண்டியின் வால்பகுதி பிளாஸ்டிக்கை மாற்றி வரைந்திருக்கிறார்களாம். வாலின் விளிம்பு எங்கள் தையலிலிருந்து தொடங்கி நேராகப் பின்விளக்குக்குப் போகிறது. ஆம்பூரில் சாக்பீஸ் பவுடரில் நான் போட்ட கோட்டுக்கு ஒரு வண்டியே தன் உடம்பைத் திருத்திக்கொண்டிருக்கிறது.

எனக்குத் தலைக்கனம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளத் தயார்.

அக்டோபர் 17, வெள்ளி

தீபாவளிக்கு மூன்று நாள். ஆர்டர் கையெழுத்தாகிவிட்டது. சீட் பிரிவுக்கு இன்னும் இருபத்திரண்டு பேர் எடுக்கிறார்கள். பழைய அட்டையை நான் கிழித்துப் போடவில்லை. புது அட்டைக்குப் பக்கத்திலேயே சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன், என் தப்பான அம்போடு. வேலைக்கு வருகிறவர்கள் முதலில் இரண்டையும் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 2, 2026, திங்கள்

ஸ்கூட்டர் சர்வீசுக்குப் போயிருந்ததால் காலையில் இவரை ஸ்டேஷனில் விட என் வண்டியில் போனேன். ஸ்டேஷன் வாசலில் எங்கள் சீட் போட்ட ஓசூர் வண்டி நிற்கிறது. சிவப்பு. கடைக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது, ஆம்பூரில் நான் பார்க்கும் முதல் வண்டி.

வேலாயுதம் என்ற பையனுடையது, திமிரி ஊர்க்காரன். நான் குனிந்து சீட்டைத் தடவுவதைப் பார்த்து ஓடி வந்தான். "இன்னாங்க, இன்னா பாக்குறீங்க?"

"நாங்க தச்ச சீட்டு" என்றேன். நம்பவில்லை. அவன் கையைப் பிடித்து நடுப்பட்டைமேல் வைத்தேன். "குறுக்கே தள்ளிப் பாரு, கொடுக்காது. இப்ப முன்ன பின்ன தள்ளு, கொஞ்சம் கொடுக்கும். வளைவுல நீ நகர்றதுக்காக அப்படி வெட்டினது." தள்ளிப் பார்த்தான். மறுபடி தள்ளினான். நண்பனைக் கூப்பிட்டு அவனையும் தள்ளச் சொன்னான். ஏலகிரிக்கு நான்கு தடவை போய் வந்தானாம், சீட்டு அப்படியே இருக்கிறதாம். கடைசியில் சாவியை நீட்டி, "ஒரு தடவ உக்காருங்கக்கா" என்றான்.

உட்கார்ந்தேன். வேலாயுதம் படம் எடுத்தான். அப்போதுதான் ரயில் கிளம்பும் சத்தம் கேட்டது. திரும்பினால் இவர், டிபன் பையோடு, என் பின்னாலேயே நின்றுகொண்டிருக்கிறார். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக ரயிலை விட்டிருக்கிறார்.

"அந்தப் பக்கமும் ஒண்ணு எடுப்பா. தையல் தெரியற மாதிரி" என்று அவனிடம் சொன்னார்.